‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக அதிகமான பொருள்களைக் கொண்ட சொல் எது என்று கேட்டால், ஏதோ ஒரு கடினமான அறிவியல் சொல்லையோ அரிய இலக்கியச் சொல்லையோ எதிர்பார்ப்போம். உண்மையில் அந்த இடத்தில் இருப்பது முதல் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த ‘ரன்’. வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டுமே அந்த அகராதியின் திருத்தப்பட்ட பதிவு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் இந்த முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு உரியதாக இருந்தது. 400க்கும் மேற்பட்ட பொருள்களுடன் அந்த ஒரு பதிவே சுமார் 60,000 சொற்களுக்கு நீண்டது. 2000ஆம் ஆண்டில் ‘எம்’ எழுத்தில் தொடங்கித் திருத்தங்கள் வெளிவரத் தொடங்கியபோது முதலில் ‘மேக்’, 2007இல் ‘புட்’, 2011இல் ‘ரன்’ என்று முதலிடம் கைமாறியது. ‘ரன்’ பதிவைத் திருத்தி எழுதும் வேலைக்கு பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதங்கள் செலவிட்டார்.

இந்த எண்ணைக் கேட்டு ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர் மிரள வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒரு வரலாற்று அகராதி. ஒரு சொல் ஆங்கிலத்தில் முதன்முதலில் எழுத்தில் காணப்பட்ட காலம் முதல் இன்று வரை எந்தெந்தப் பொருளில் வழங்கியதோ அவை அனைத்தையும், வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆனவற்றையும் சேர்த்து, அது பதிவு செய்கிறது. மாலுமிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் தையற்காரர்களும் தங்களுக்குள் மட்டும் வழங்கிய பொருள்கள் அதில் உண்டு. ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’ போன்று வேறொரு சிறு சொல் ஒட்டியதால் பிறந்த பொருள்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர்கூட 645 பொருள்களையும் கையாளுவதில்லை. மேலும், ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அகராதியாசிரியரின் தீர்ப்பைப் பொறுத்தது. ஒருவர் இரண்டாகப் பிரிப்பதை இன்னொருவர் ஒன்றாகவே வைத்திருப்பார். ஆகவே எண்ணை மறந்துவிட்டு, இத்தனை பொருள்கள் எப்படிக் கிளைத்தன என்று பார்ப்பதே பயனுள்ளது.

அதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரே ஒலியுடைய சொல்லுக்குப் பல பொருள்கள் அமைவது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. கிரிக்கெட் மட்டையையும் வௌவாலையும் ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் இவ்விரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து தற்செயலாக ஒரே ஒலியை அடைந்த இரண்டு தனிச்சொற்கள். தமிழில் கூரை வேயும் ‘ஓடு’ம் விரைந்து செல் என்று ஏவும் ‘ஓடு’ம் அப்படித்தான், ஒன்றைக் கொண்டு மற்றதை விளக்க முடியாது. ‘ரன்’ இந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே அடிமரத்தின் கிளைகள் என்பதால், ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழியைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. நம்முடைய ‘ஓடு’ என்னும் வினையும் இதேபோலக் கிளைத்திருக்கிறது: ஆறு ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, ஏதோ பிழைப்பு ஓடுகிறது, சில நேரங்களில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறோம். எனவே ‘ரன்’ எங்கெல்லாம் ‘ஓடு’வுடன் சேர்ந்து செல்கிறது, எங்கே பிரிகிறது என்று கவனித்துக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் ‘ரின்னன்’. எழுத்துகள் இடம் மாறிய ‘இர்னன்’ போன்ற வடிவங்களும் அன்று வழங்கின. பின்னர் ஸ்காண்டிநேவியர்களின் குடியேற்றத்தோடு வந்த பழைய நார்ஸ் மொழியின் இனச்சொல் இதை வலுப்படுத்தியது. தொடக்கத்திலிருந்தே இந்த வினைக்கு இரண்டு பொருள்கள் இருந்தன: கால்களால் விரைந்து செல்லுதல், நீர்மம் பாய்ந்து செல்லுதல். அதன் உறவுமொழியான ஜெர்மன் இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. அங்கே ‘ரின்னன்’ என்பது நீர் வழிவதையும் ‘ரென்னன்’ என்பது மனிதர் ஓடுவதையும் குறிக்கும். ஆங்கிலம் பிரிக்கவில்லை. நீர்மம் பற்றிய பொருள்கள் இன்று வரை இந்தச் சொல்லில் இவ்வளவு வலுவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆறும் கண்ணீரும் ‘ரன்’ ஆகின்றன. திறந்த குழாயிலிருந்து தண்ணீரும் ‘ரன்’ ஆகிறது. துவைக்கும்போது சாயம் கலைந்து பக்கத்துத் துணியில் பற்றினால் அதுவும் ‘ரன்’தான். சளி பிடித்தவரின் மூக்கு ‘ரன்னிங்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. நமக்கு மூக்கு ஒழுகும், சாயம் போகும், ஆறு மட்டுமே ஓடும்.

அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் ‘புல் ரன்’ என்ற இடத்தில் நடந்தது. அந்தப் பெயரை மாடு ஓடியதாகப் புரிந்துகொண்டு மொழிபெயர்ப்பவர் தடுக்கி விழுவார். அது அங்கே ஓடும் ஒரு நீரோடையின் பெயர். பாலாடைக்கட்டி தயாரிக்கப் பாலைத் திரியச் செய்யும் ‘ரென்னெட்’ என்ற பொருளின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. நீர்மமாக இருந்தது ஒன்றாக ஓடிக் கூடிக் கட்டியாவதையும் பழைய ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லாலேயே குறித்தார்கள்.

அடுத்த கிளை இலக்கணத்தால் பிறந்தது; பொருள்கள் இத்தனை பெருகியதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. தமிழில் ஓடுவது தன்வினை, ஓட்டுவது பிறவினை. வண்டி தானாகச் சென்றால் ஓடுகிறது. ஒருவர் அதைச் செலுத்தினால் ஓட்டுகிறார். ‘ட்’ என்ற ஓர் எழுத்து, செயல் யாருடையது என்பதைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ரன்’ இரண்டு வேலைகளையும் வடிவம் மாறாமலேயே செய்கிறது. ‘தி இன்ஜின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஹி ரன்ஸ் தி இன்ஜின்’ என்றால் அவர் அதை இயக்குகிறார். ஓடச் செய்தல் என்ற இந்தப் பொருள் கிடைத்த பிறகு, எதையெல்லாம் ஓடச் செய்யலாமோ அதற்கெல்லாம் ஒரு புதிய பொருள் பிறந்தது. குளியல்தொட்டியில் நீர் நிரப்புவது ‘ரன் எ பாத்’. நாளிதழில் ஒரு செய்தியை வெளியிடுவது ‘ரன் எ ஸ்டோரி’. ஆய்வகத்தில் பரிசோதனை செய்வது ‘ரன் எ டெஸ்ட்’. கடை, பள்ளி, நிறுவனம், ஏன், ஒரு நாட்டையே நடத்துவதற்கும் ‘ரன்’ வருகிறது.

இங்கே தமிழ் வேறு வழியில் செல்கிறது. நாம் கடையை ஓட்டுவதைவிட நடத்துவதே அதிகம். குடும்பத்தையும் கூட்டத்தையும் கட்சியையும் நடத்துகிறோம். ‘நட’ என்ற தன்வினைக்கு ‘நடத்து’ பிறவினை. ஆங்கிலேயரின் தொழில் ஓடுகிறது, நம்முடையது நடக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கற்பவருக்கு இதனால் கிடைக்கும் பயன் நேரடியானது: ‘ரன்’னுக்குப் பின்னால் நிறுவனத்தையோ அமைப்பையோ குறிக்கும் பெயர் செயப்படுபொருளாக நேராக வந்தால், பொருள் அநேகமாக ‘நடத்து’ என்பதுதான்.

இந்தக் கிளையின் ஓரத்தில் சில வித்தியாசமான தொடர்கள் இருக்கின்றன. ‘ரன் எ ஃபீவர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரன் எ ரிஸ்க்’ என்றால் ஆபத்துக்கு இடம் கொடுத்தல். காய்ச்சலை யாரும் விரும்பி நடத்துவதில்லை. இங்கே ‘நடத்து’ என்ற பொருள் தேய்ந்து, ஒரு நிலைக்கு ஆட்பட்டிருத்தல் என்ற மெல்லிய பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இயந்திரங்கள் பெருகிய காலத்தில் ‘ரன்’ கொழித்தது. கடிகாரம், நீராவி இயந்திரம், நெசவாலை, ரயில் என ஒவ்வொன்றாக வந்தபோது, தொடர்ந்து இயங்குவதைக் குறிக்க ஆங்கிலத்துக்குப் புதிய சொல் தேவைப்படவில்லை. நாமும் இதையே செய்தோம். மில் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது என்று சொல்லும்போது அவை இருந்த இடத்தைவிட்டு நகருவதாக யாரும் நினைப்பதில்லை. இடப்பெயர்ச்சி என்ற கூறு உதிர்ந்து, தடையில்லாத இயக்கம் என்ற கூறு மட்டும் தங்கிவிட்டது. கணினி வந்தபோதும் இதே வழக்கம் தொடர்ந்தது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில், எழுதிய நிரலைச் செயல்படுத்த மாணவர் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளை ‘ரன்’. 1995இல் வந்த விண்டோஸ் இயங்குதளத்தின் ஸ்டார்ட் பட்டியலிலும் ‘ரன்’ என்றே ஒரு கட்டளை இருந்தது. இன்று தமிழில் நிரல் எழுதக் கற்பவர்கள் ‘ப்ரோக்ராமை ரன் பண்ணு’ என்று சொல்கிறார்கள்; ‘ஓட்டிப் பார்’ என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது எனக்குப் பிடித்தமானது, ஏனெனில் அதில் ‘ரன்’னின் பிறவினைப் பொருள் பிசகாமல் வந்துவிடுகிறது.

நகராத பொருள்களும் ஆங்கிலத்தில் ஓடுகின்றன என்பது இன்னொரு கிளை. ஒரு சாலை ஆற்றங்கரையை ஒட்டி ‘ரன்ஸ்’. ஒரு வேலி தோட்டத்தின் எல்லை நெடுகிலும் ‘ரன்ஸ்’. சாலை எங்கும் போவதில்லை. அதன் நீளத்தைத் தொடர்ந்து நம் பார்வைதான் போகிறது. இத்தகைய வழக்கை லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் கற்பனை இயக்கம் என்ற பொருள்படும் பெயரால் ஆராய்ந்திருக்கிறார். தமிழிலும் இது உண்டு: சாலை ஊருக்குள் செல்கிறது என்கிறோம், சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்கிறோம், நெற்றியில் நரம்பு ஓடுகிறது என்கிறோம். இடத்தில் நீளுவது போலவே காலத்தில் நீளுவதற்கும் ‘ரன்’ பொருந்துகிறது. நாடகம் ஆறு மாதம் ‘ரன்’ ஆகும். குத்தகை ஒப்பந்தம் ஐந்து ஆண்டு ‘ரன்’ ஆகும். தலைமுறைகளின் ஊடே நீளும் பண்பு ‘ரன்ஸ் இன் தி ஃபேமிலி’. இதற்குத் தமிழில் வம்சத்திலேயே இருக்கிறது, பரம்பரையாக வருகிறது என்போம். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்ற தொடரில் வரும் ‘ரன்னிங்’ இந்தக் கிளையைச் சேர்ந்தது. மூன்று நாளும் ஓடினார் என்பதல்ல, தொடர்ந்து மூன்று நாள் என்பதே பொருள்.

‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு பண்புச்சொல் வரும் இடங்களைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ளலாம். ‘ரன் ட்ரை’ என்றால் வற்றிப்போதல், ‘ரன் ஷார்ட்’ என்றால் பற்றாமற்போதல், ‘ரன் லேட்’ என்றால் தாமதமாதல். இங்கெல்லாம் ‘ரன்’னை ‘ஆகு’ அல்லது ‘போ’ என்ற துணைவினையாக எண்ணிக்கொண்டால் போதும்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’னைத் தமிழர்கள் அதிகம் கேட்பது கிரிக்கெட்டில். தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘ரன்’ என்றே எழுதும்போது, இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் பல ஆண்டுகளாக ‘ஓட்டம்’ என்று எழுதிவருகின்றன. ஓர் அணி 250 ஓட்டங்களைப் பெற்றது என்ற வாக்கியம் அங்கே இயல்பானது. இரு விக்கெட்டுகளுக்கும் இடையே மட்டையாளர்கள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி என்பதால் ஓடும் செயலின் பெயரே புள்ளியின் பெயராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் புள்ளிகளைக் கோலில் வெட்டிக் குறித்ததால் அவற்றுக்கு வெட்டு என்று பொருள்படும் ‘நாட்ச்’ என்ற பெயரும் வழங்கியது; அது மறைந்து ‘ரன்’ நிலைத்தது. நிலைத்த பிறகு அந்தச் சொல் தான் பிறந்த செயலையே விட்டு விலகியது. பந்து தரையில் உருண்டு எல்லையைத் தாண்டினால் நான்கு, தரையைத் தொடாமல் பறந்து தாண்டினால் ஆறு. இரண்டிலும் மட்டையாளர் ஓடியே ஆக வேண்டும் என்பதில்லை. பந்துவீச்சாளர் எல்லை தவறி வீசிய ‘வைடு’க்கும் ஒரு ‘ரன்’ சேருகிறது. யாருமே ஓடாத ஓட்டம் அது. ஒரு சொல்லின் பொருள் எப்படி நகருகிறது என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தருவது கடினம்: செயலின் பெயர் செயலின் பயனுக்கு ஆகிவந்தது, பிறகு செயல் இல்லாதபோதும் பயனுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. நம் இலக்கணம் இதைத் தொழிலாகுபெயர் என்ற வகையில் அடக்கும்.

கிரிக்கெட்டை மட்டும் அறிந்தவர் பொருளாதாரச் செய்தியில் ‘பேங்க் ரன்’ என்று படிக்கும்போது குழம்பக்கூடும். ஒரு வங்கி முழுகப்போகிறது என்ற அச்சம் பரவி, பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் திரும்பப் பெற முண்டியடிப்பதே ‘பேங்க் ரன்’. எந்த வங்கியும் வாடிக்கையாளர்களின் பணம் முழுவதையும் கையிருப்பில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கும். ஆகவே நலமாக இருந்த வங்கியைக்கூட இந்த ஓட்டமே வீழ்த்திவிடலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன் மக்கள் வரிசையில் நின்ற படங்கள் உலகெங்கும் வெளியாயின. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாளே அந்த வங்கி மூடப்பட்டது. முதல் நிகழ்ச்சியில் மக்கள் நேரில் திரண்டார்கள்; இரண்டாவதில் பெரும்பாலோர் இருந்த இடத்திலிருந்தே கைபேசியிலும் கணினியிலும் கட்டளையிட்டார்கள். சொல் மட்டும் மாறவில்லை.

மற்றப் பெயர்ப் பொருள்களை விரைந்து கடந்துவிடலாம். ஒரு தடவையில் அச்சிடப்படும் படிகளின் எண்ணிக்கை ‘பிரின்ட் ரன்’. கோழிகள் உலவக் கம்பிவலை கட்டி அடைத்த இடம் ‘சிக்கன் ரன்’. மெல்லிய காலுறையில் இழை அறுந்து நீளவாக்கில் பிரிந்துபோவதை அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள், ஆங்கிலேயர்கள் ஏணி என்று பொருள்படும் ‘லேடர்’ என்பார்கள். சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வருவது ‘சால்மன் ரன்’. பன்மையில் ‘தி ரன்ஸ்’ என்று யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் அவருக்கு வயிற்றுப்போக்கு. அப்போது எத்தனை ரன் என்று கேட்காமல் இருப்பது நல்லது.

ஒரே மொழிக்குள் நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடுவதற்குத் தேர்தல் நல்ல சான்று. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்காக ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டேண்ட்’, அதாவது நிற்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறோம் என்றே சொல்வதால் அமெரிக்கச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அதிபர் வேட்பாளரோடு துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரை அங்கே ‘ரன்னிங் மேட்’ என்கிறார்கள். இது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். ஒரே லாயத்தைச் சேர்ந்த முதன்மைக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுப்பதற்காகக் கூடவே ஓடவிடப்படும் குதிரைக்கு அந்தப் பெயர் இருந்தது. இதை உடன் ஓடுபவர் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாசகர் மாரத்தான் போட்டியை நினைத்துக்கொள்வார். துணை அதிபர் வேட்பாளர் என்று எழுதுவதே சரி.

தொடக்கநிலையில் இருப்பவரை அதிகம் வாட்டுவது ‘ரன்’னோடு ஒட்டிவரும் சிறு சொற்கள். ‘ரன் இன்டு’ என்பது மோதிக்கொள்வதும் ஆகும், எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பதும் ஆகும். ‘ரன் டவுன்’ என்பது ஒருவரை இகழ்ந்து பேசுவது, மின்கலம் தீர்ந்துபோவது, தேடிக் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றுக்கும் வரும். ‘ரன் அப்’ என்பது கடனை ஏற்றிக்கொள்வது. ஒரு சட்டையை அவசரமாகத் தைத்து முடிப்பதும்தான். ‘ரன் அவுட்’ கிரிக்கெட்டில் ஆட்டமிழக்கும் முறை. சமையலறையில் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. இவற்றை மனப்பாடம் செய்ய முயல்வதைவிட, ஒவ்வொன்றும் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று கேட்பது எளிது. ‘ரன் அவுட் ஆஃப்’ நீர்மக் கிளை. கலத்திலிருந்த நீர் கடைசித் துளி வரை வெளியே ஓடிவிட்டது என்ற படிமம் அதில் இருக்கிறது. ‘ரன் ஓவர்’ என்பதில் இரண்டு கிளைகள் கலந்துள்ளன. வண்டி ஒருவர் மீது ஏறிச் சென்றால் அது ஓட்டக் கிளை. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தில் தாவீதின் பாத்திரம் ‘ரன்னெத் ஓவர்’ என்று வருவது நீர்மக் கிளை. தமிழ் விவிலியம் அதை ‘என் பாத்திரம் நிரம்பி வழிகிறது’ என்று பெயர்த்திருக்கிறது. குறித்த நேரத்தைத் தாண்டிக் கூட்டம் நீளும்போது சொல்லப்படும் ‘ரன் ஓவர்’, இந்த வழிதலிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை கிளைகளில் எது தம் கண்முன் இருக்கும் வாக்கியத்துக்கு உரியது என்று ஒரு புதிய வாசகர் எப்படி முடிவுசெய்வார்? இதற்கான விடையைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே தந்துவிட்டது. பல பொருள் ஒரு சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபடும் என்கிறது அது. ‘மா’ என்ற சொல்லை வைத்து உரையாசிரியர்கள் இதை விளக்குவார்கள். மா பூத்தது என்றால் அந்த வினையே அது மரம் என்று காட்டிவிடுகிறது. மாவும் பலாவும் என்றால் இனம் காட்டுகிறது. போர்க்கோலம் பூண்டு நிற்பவர் மா கொண்டு வா என்றால் அந்தச் சார்பு குதிரை என்று காட்டுகிறது.

அந்த நூற்பா கூறுவது பெயர்ச்சொல்லைப் பற்றி. ‘ரன்’ வினைச்சொல் என்பதால் திசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ‘மா’வை வினை தெளிவாக்கியதுபோல ‘ரன்’னை அதன் எழுவாயும் செயப்படுபொருளும் தெளிவாக்கும். எழுவாய் உயிருள்ளதா, நீர்மமா, இயந்திரமா, சாலையைப் போல நகராததா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ‘ரன்’னை அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘ஷி ரன்ஸ் தி ஷாப்’ என்பதில் கடை நேராக ஒட்டி நிற்பதால் அவர் கடையை நடத்துபவர்; ‘ஷி ரன்ஸ் டு தி ஷாப்’ என்பதில் இடையே ஒரு ‘டு’ புகுந்ததும் அவர் கடையை நோக்கி ஓடுபவர் ஆகிவிடுகிறார். முதலாளியை வாடிக்கையாளராக்க அந்த ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது. இவ்விரண்டு கேள்விகளும் தீர்க்காததைச் சார்பு தீர்க்கும்: ‘எ குட் ரன்’ என்பது விளையாட்டுப் பக்கத்தில் ஒன்று, நாடக விமர்சனத்தில் வேறொன்று, பங்குச்சந்தைச் செய்தியில் மற்றொன்று. காலம் காட்டும் வடிவத்திலும் சிறிது கவனம் வேண்டும். இறந்தகாலத்தில் ‘ரேன்’ என்று மாறும் இந்தச் சொல், ‘ஹேவ்’ என்ற துணைவினையோடு வரும்போது மீண்டும் ‘ரன்’ என்றே நிற்கும். ‘ஹேவ் ரேன்’ என்பது பிழை.

இந்த முறைக்குக் கட்டுப்படாத தொடர்கள் சில உண்டு. அவற்றை ஒரே சொல்லாக எண்ணிக் கற்பதைத் தவிர வேறு வழியில்லை. சாதாரணமான, தனிச்சிறப்பு எதுவுமில்லாத என்ற பொருளில் வரும் ‘ரன் ஆஃப் தி மில்’ அவற்றில் ஒன்று. ஆலையிலிருந்து வெளிவந்த சரக்கைத் தரம் பிரிப்பதற்கு முன், நல்லதும் மட்டமானதும் கலந்த நிலையில் குறித்த தொழிற்சொல் அது. இன்று ஆலையை நினைக்காமலேயே அதைச் சொல்கிறார்கள். நாலாபுறமும் தாக்குதலையோ கண்டனத்தையோ தாங்கிச் செல்வதைக் குறிக்கும் ‘ரன் தி காண்ட்லெட்’ இன்னும் விசித்திரமானது. ‘காண்ட்லெட்’ என்றால் ஆங்கிலத்தில் இரும்புக் கையுறை. அதை எப்படி ஓடுவது என்று எவ்வளவு யோசித்தாலும் விடை கிடைக்காது, ஏனெனில் இந்தத் தொடரில் கையுறையே இல்லை. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளில், குற்றம் செய்த படைவீரனை இரு வரிசையாக நிற்கும் சக வீரர்களின் நடுவே ஓடச் செய்து, இருபுறமிருந்தும் அடிக்கும் தண்டனை இருந்தது. சுவீடன் மொழியில் அதன் பெயர் ‘காத்லாப்’. முப்பதாண்டுப் போர்க் காலத்தில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து, பழக்கமில்லாத அதன் ஒலி பழக்கமான கையுறையின் ஒலியோடு குழம்பிவிட்டது. அந்த சுவீடிய சொல்லில் ‘காத்’ என்பது தெரு, ‘லாப்’ என்பது ஓட்டம்.